விண்டோஸ் மாத்தணுமா, இருக்கட்டுமா? செங்கோட்டை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை, தென்காசி, அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரை கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து மண்டிக்காரர், பார்சல் ஆபீஸ்காரர், டிடிபி கடைக்காரர் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். போனில் ஆளுக்குப் பாதி பாதியாகச் சொல்வதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

என் கட்சி என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுசு வந்துவிட்டது என்பதற்காக எதையும் மாற்ற வேண்டாம். பாதுகாப்பு பேட்ச் (ஓட்டைகளை அடைக்க வரும் அப்டேட்) நின்றுவிட்டால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். சிக்கலெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அண்ணே, அப்டேட், அப்கிரேட் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. அப்டேட் என்பது இருக்கிற விண்டோஸுக்கே வரும் ரிப்பேர். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகும். நம் நேரத்துக்கு அது செவ்வாய் ராத்திரி. கண்டுபிடித்த ஓட்டைகளை அடைப்பதுதான் அதன் முக்கிய வேலை. அப்கிரேட் என்றால் 10-ஐ எடுத்துவிட்டு 11 போடுவது.

அப்டேட்டைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்கிரேட்டுக்குத்தான் யோசனை. "அப்டேட்டையே ஆஃப் பண்ணி விட்டுருங்க தம்பி" என்று சொல்பவர்களுக்குப் பயம் உண்மையில் அப்கிரேட் மேல்தான். ஆனால் நிறுத்தச் சொல்வது அவசியமானதை.

விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுன்னாங்க. ஆனா காலையில எப்பவும்போலத்தானே ஆன் ஆச்சு?

ஆகும். நாளைக்கும் ஆகும். நின்றது மாதாமாதம் இலவசமாக வந்த பாதுகாப்பு பேட்ச். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14, 8.1-க்கு 2023 ஜனவரி 10 என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கடைசி நாள் இருந்தது. இன்சூரன்ஸ் முடிந்த லாரி செங்கோட்டையிலேயே நின்றுவிடாது. புளியரை எஸ் வளைவில் ஏதாவது ஆனால்தான் அருமை தெரியும்.

இன்னொரு கஷ்டம் மெதுவாக வரும். மற்ற சாஃப்ட்வேர்களும் ஒவ்வொன்றாகக் கைவிடும். விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் குரோம் 109-ஆவது வெர்ஷனோடு 2023 தொடக்கத்தில் நின்றது. 10 இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் விண்டோஸ் 10 முடிந்த அதே நாளில் ஆதரவு முடிந்தது. பலர் இதைக் கவனிக்கவே இல்லை.

எங்கிட்ட திருடுறதுக்கு என்ன இருக்கு? என் கம்ப்யூட்டரை எவன் தேடி வரப் போறான்?

யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்று ஒரு வைரஸ் கிளம்பியதே, அதற்கு ஆள் முகவரி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. உள்ளே போனதும் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. ஆந்திர போலீஸின் கம்ப்யூட்டர்களில் புகுந்தது. கேரளத்தில் சில கிராமப் பஞ்சாயத்து ஆபீஸ்களிலும் பாலக்காடு ரயில்வே கோட்ட ஆபீஸிலும் புகுந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் திருட என்ன இருந்தது?

கவனிக்க வேண்டியது, அந்த ஓட்டைக்கான பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. அடி வாங்கியதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது 7-க்கு ஆதரவு உயிரோடுதான் இருந்தது. அப்டேட் போடாததால்தான் மாட்டினார்கள். ஆக, விண்டோஸ் 11 வாங்கி வைத்துவிட்டு அப்டேட்டை நிறுத்தி வைப்பவரும் விண்டோஸ் 7-காரரும் ஒரே படகில்.

மண்டியில் யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறது. அது திருடனுக்கு வேண்டாம்தான். ஆனால் அது இல்லாமல் உங்களால் திங்கட்கிழமை கடை திறக்க முடியுமா?

இப்போ எங்கிட்ட இருக்கிறது 10-ஆ 11-ஆ, எப்படிப் பாக்க?

செட்டிங்ஸ் திறந்து சிஸ்டம், அதற்குள் கடைசியில் அபவுட். பேர், வெர்ஷன், பிராசசர், ராம் எல்லாம் அங்கேயே இருக்கும். அந்தப் பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் யோசனை கேட்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

வாங்கி ஆறேழு வருஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள 11 ஏறாதுங்குது. இது என்ன அநியாயம்?

11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் போதும் என்று போட்டிருக்கிறார்கள். அதில் யாரும் தோற்பதில்லை. (4 ஜிபியில் ஓட்டினால் தெரியும், அது வேறு கதை.) தடுப்பது இரண்டு விஷயம்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, அப்புறம் பிராசசரின் தலைமுறை. இன்டெல் என்றால் ஒன்றிரண்டு விலக்கு போக எட்டாம் தலைமுறையிலிருந்து. ஏஎம்டி ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசையிலிருந்து. ஐ5-7400 என்று இருந்தால் கோட்டுக்குப் பிறகு வரும் 7 தான் தலைமுறை, ஏறாது. ஐ5-8400 ஏறும். ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. எட்டாம் தலைமுறை 2017-இல் வந்தது. ஆனால் சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் கம்பெனிகள் கழித்த கம்ப்யூட்டர்கள் நம் பக்கம் புதுசு மாதிரியே விற்கப்பட்டன. நீங்கள் வாங்கிய வருஷத்தை அந்தப் பெட்டி பிறந்த வருஷமாக நினைக்காதீர்கள்.

ஏறாது என்று காட்டினாலும் உடனே கைவிட வேண்டாம். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் டிபிஎம் உள்ளேயே இருக்கும், பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைத்துக் கிடக்கும். இன்டெல் போர்டில் அதன் பேர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அதை ஆன் செய்ததும் "ஏறும்" என்று மாறிய பெட்டிகள் நிறைய. சிலவற்றில் டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் முறையில் பிரித்திருப்பார்கள். அதை 11-க்கு வேண்டிய ஜிபிடி முறைக்கு மாற்ற விண்டோஸ் 10-லேயே கருவி இருக்கிறது, டேட்டா அழியாமல் மாறும். ஆனாலும் பேக்கப் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பயாஸில் எதைத் தொடும் முன்பும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு நுழைந்ததும் அது தானாகவே டிஸ்க்கைப் பூட்டிவிடும், உங்களிடம் சொல்லாமலே. பயாஸை மாற்றிவிட்டு ஆன் செய்தால் நீலத்திரையில் 48 இலக்க ரிகவரி கீ கேட்டு நிற்கும். அந்தக் கீ அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில்தான் இருக்கும். அக்கவுண்டைத் திறந்து கொடுத்தது சர்வீஸ் பையன், அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், மெயில் ஐடி யாருக்கும் ஞாபகமில்லை என்றால் அந்த டிஸ்க்கில் இருப்பதை யாராலும் எடுக்க முடியாது, என்னாலும்தான். அதனால் அக்கவுண்ட் உங்கள் பேரில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும்.

கவர்மென்ட் லேப்டாப்ல ஏறுமா? தங்கச்சிக்குப் பிளஸ் டூவுல கொடுத்தது.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதல் பல வருஷத்து லேப்டாப்கள் எதிலும் 11-ஐ நம்ப வேண்டாம். மேலே சொன்ன பிராசசர் கணக்கிலேயே விழுந்துவிடும். அவற்றுக்கு ஒரு எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் ஏற்றுவதுதான் என் யோசனை. லினக்ஸ் பற்றிக் கீழே தனியாக இருக்கிறது.

யூட்யூப்ல ஒருத்தர் எந்த ஓட்டைக் கம்ப்யூட்டர்லயும் 11 ஏத்திக் காட்டுறாரே?

ஏற்றலாம். சோதனையைத் தாண்ட வழி இருக்கிறது, ஏறிய பிறகு ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் தரும் பொறுப்பு தனக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. வருஷா வருஷம் வரும் பெரிய வெர்ஷன் தானாக வராது. ஒவ்வொரு தடவையும் யாராவது கையால் ஏற்றித் தர வேண்டும். 11-இன் 24எச்2 வெர்ஷனிலிருந்து மிகப் பழைய பிராசசர்கள் எந்தக் குறுக்கு வழியிலும் பூட் ஆகாது.

நீங்களே இந்த வேலை தெரிந்தவர் என்றால் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள். பில் போடும் கம்ப்யூட்டரில் வேண்டாம். பேட்ச் வர வேண்டும் என்பதற்காகத்தான் மாறுகிறோம். அதுவே நிச்சயமில்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

ஒரு வருஷமாவது தள்ளிப்போட வழி இருக்கா தம்பி? புதுசு வாங்க இப்போ கை கடிக்குது.

இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இஎஸ்யூ என்ற பெயரில் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை வீட்டு உபயோகக்காரர்களுக்கும் அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி 1000 இருந்தால் அதைக் கொடுக்கலாம். அல்லது அக்கவுண்டில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் ஆக ஒத்துக்கொண்டால் காசே இல்லை. விண்டோஸ் 10 கடைசி வெர்ஷனான 22எச்2-வில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கட்டாயம், காசு கட்டினாலும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இடம் தெரியும்.

இதில் வருவது பாதுகாப்பு பேட்ச் மட்டும், புது வசதி எதுவும் வராது. அதுதான் நமக்கு வேண்டியதும். 11 ஏறாத கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கடைக்காரருக்கு நான் சொல்வது: இதில் சேர்ந்துவிட்டு, கிடைக்கிற அவகாசத்தில் காசு சேர்த்து ஒரு பெட்டி வாங்குங்கள். சேர்ந்ததோடு மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

டேலி இருக்கு. 11 போட்டா கணக்கெல்லாம் போயிருமா?

இருக்கிற 10-க்கு மேலேயே 11 ஏற்றினால் டேலியும் கணக்கும் அப்படியே இருக்கும். முழுக்க அழித்துவிட்டுப் புதுசாகப் போட்டால்தான் சி டிரைவில் இருப்பது போகும். பல இடங்களில் டேலி டேட்டா ஃபோல்டர் சி டிரைவில்தான் கிடக்கிறது. டெஸ்க்டாப்பில் வைத்த எக்செல், டாக்குமெண்ட்ஸ் எல்லாமும் சி டிரைவ்தான். "டி டிரைவ்ல எல்லாம் சேஃபா இருக்கு" என்று சொல்பவரின் டி டிரைவைத் திறந்தால் கல்யாண போட்டோ மட்டும் இருக்கும்.

டேலியையே அப்கிரேட் செய்வது தனி விஷயம், அதில்தான் கவனம் வேண்டும். பழைய டேலி இஆர்பி 9-லிருந்து புது டேலி பிரைமுக்குப் போக, டேலி கம்பெனிக்குக் கட்டும் டிஎஸ்எஸ் சந்தா உயிரோடு இருந்தால் தனிக் காசு கிடையாது. ஆனால் பிரைம் 3.0-வில் டேட்டாவின் அமைப்பே மாறியது. அதற்கு மாற்றிய கம்பெனியைப் பழைய வெர்ஷனில் திறக்க முடியாது. எனவே முதலில் உங்கள் ஆடிட்டர் ஆபீஸில் எந்த வெர்ஷன் என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் பழசில் இருந்து நீங்கள் மட்டும் முன்னால் போய்விட்டால் மார்ச் கடைசியில் இரண்டு பக்கமும் தலையைச் சொறிய வேண்டியதுதான். மாற்றும் முன் பழைய டேட்டாவை ஒரு பென் டிரைவில் அப்படியே எடுத்து, தேதி எழுதி, கல்லாப்பெட்டியில் போடுங்கள்.

எங்க கமிஷன் கடையில கறுப்பு ஸ்கிரீன் புரோகிராம்தான், அப்பா காலத்துல எழுதினது. அது புதுசுல ஓடுமா?

புளியங்குடி எலுமிச்சைக் கடைகளிலும் பாவூர்சத்திரம் மண்டியிலும் இந்தக் கேள்வி வராத மாதமில்லை. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஃபாக்ஸ்புரோ வைத்து எழுதிய புரோகிராம். மவுஸே தேவைப்படாது. மூட்டை வந்து இறங்க இறங்க நம்பர் கட்டையில் எடை, விலை, கமிஷன், கூலி என்று தட்டிக்கொண்டே போவார்கள். டாட் மேட்ரிக்ஸ் கரகரவென்று பட்டியலைத் துப்பும். புனலூருக்குப் போகிற வண்டி வெளியே இன்ஜின் அணைக்காமல் நிற்கும். அந்த வேகம் எந்தப் புது சாஃப்ட்வேரிலும் கிடையாது. அதனால் அதை விடச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

ஆனால் இத்தகைய 16 பிட் புரோகிராம்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. 32 பிட் விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸ் 10-ஓடு 32 பிட் முடிந்தது, 11-இல் 32 பிட் கிடையவே கிடையாது. டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டு அதற்குள் ஓட வைக்கலாம். பிரிண்டருக்கு வழி செய்வதுதான் அதில் பெரிய வேலை. வாங்கும் முன் உங்கள் புரோகிராமை ஒரு 11 கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு பட்டியலாவது பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பழைய பெட்டியை இன்டர்நெட், பென் டிரைவ் இரண்டும் படாமல் அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இ-வே பில், ஜிஎஸ்டிக்கு வேறு கம்ப்யூட்டர் வைக்கலாம். கணக்கெல்லாம் டிபிஎஃப் ஃபைல்களில்தான் இருக்கும். அவற்றை லிப்ரே ஆபீஸ் கால்கிலேயே திறந்து பார்க்கலாம் என்பதால் எழுதியவர் இப்போது இல்லை என்றாலும் டேட்டா சிறைப்பட்டுப் போகாது.

பேஜ்மேக்கர்ல பாமினி ஃபாண்ட் வெச்சுத்தான் கல்யாணப் பத்திரிகை அடிக்கோம். மாத்துனா எழுத்து உடைஞ்சிரும்னு சொல்றாங்களே?

பாமினியில் அடித்தது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை தமிழே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. ஃபாண்ட் அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் போர்வை விலகி ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடக்கும். "உடைஞ்சிருச்சு" என்று சொல்வது இதைத்தான். எனவே புதுசாக விண்டோஸ் போடும் முன் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகப் பிரதி எடுத்து வையுங்கள், திரும்பப் போட்டால் எழுத்தும் திரும்ப வந்துவிடும். பேஜ்மேக்கர் 7 என்பது 32 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸிலும் ஓட வைக்கலாம். பிரிண்டரில்தான் மக்கர் செய்யும். ஆனால் அடோபி 2004-லேயே அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. பழைய பேஜ்மேக்கர் ஃபைலை அடோபியின் இன்டிசைனில் திறக்க சிஎஸ்6 வரைதான் முடியும், அதற்குப் பிந்தியவை திறக்காது. சிஎஸ்6 கைவசம் உள்ளவர்கள் முக்கியமான ஃபைல்களை இப்போதே மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

புது வேலைகளை, தமிழ் எழுத்துக்கே தனி இடம் உள்ள யூனிகோடில் தொடங்குங்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய பாமினி வாசகங்களை மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் படித்துப் பார்த்தே ஆக வேண்டும், மாப்பிள்ளை பேர் விஷயம்.

ஆரியங்காவுப் பக்கத்துப் பத்திரிகை என்றால் ஒரு பக்கம் மலையாளமும் வரும். மலையாளத்தில் ன், ர், ல், ள், ண் ஐந்துக்கும் சில்லெழுத்து என்ற தனி உருவம் உண்டு. 2008-இல் வந்த யூனிகோட் 5.1-இல்தான் அவற்றுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய கம்ப்யூட்டரில் இப்போதைய வாசகத்தைத் திறந்தால் அந்த இடங்களில் கட்டமாக நிற்கும். இன்னும் எக்ஸ்பியில் டிடிபி ஓட்டுபவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த மலையாளத்தை ஒட்டிவிட்டு "ஃபாண்ட் சரியில்லை" என்பார்கள். சரியில்லாதது எக்ஸ்பி. பழைய முறையில் அடித்த பேரையும் புது முறையில் அடித்த பேரையும் தேடினால் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

பிரிண்டர், டிஎஸ்சி டோக்கன் எல்லாம் வேலை செய்யுமா?

பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் கம்பெனி சைட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. 32 பிட் டிரைவர் மட்டும் இருந்தால் 11-இல் அந்த பிரிண்டரை மறந்துவிடுங்கள்.

டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்து, டோக்கனுக்குள்ளேயே இருக்கும், விண்டோஸ் மாறினால் அழியாது. டோக்கன் டிரைவரையும், கையெழுத்துப் போட உதவும் எம்சைனர் சாஃப்ட்வேரையும் திரும்பப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வேலை செய்யவில்லை என்று பதற்றத்தில் டோக்கன் சாஃப்ட்வேரில் "இனிஷியலைஸ்" என்பதை அமுக்கிவிடாதீர்கள். உள்ளே இருப்பது அழிந்து, புது டிஎஸ்சி வாங்க வேண்டி வரும்.

கம்ப்யூட்டர் ஆமை மாதிரி போவுது. 11 போட்டா வேகமாவுமா?

ஆகாது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், ராமை 8 ஜிபி ஆக்குங்கள். பாதிப் பேருக்கு அதற்குப் பிறகு அப்கிரேட் நினைப்பே போய்விடுகிறது.

சரி, போட்டுரலாம். எந்த நாள் தோது?

எந்த நாள் தோதில்லை என்று சொல்கிறேன். மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. இந்த இரண்டுக்கும் முந்தைய நாட்கள் வேண்டாம். மார்ச் கடைசி வேண்டாம். காய்கறி, பூ, எலுமிச்சை வியாபாரம் என்றால் ஓணத்துக்கு முந்தைய பத்துப் பதினைந்து நாள் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது; எல்லை தாண்டும் வண்டியில் ஜிஎஸ்டி உள்ள சரக்கும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இருந்தால் இ-வே பில் இல்லாமல் நகராது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். சாரல் காலத்தில் காற்றுக்குக் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் அறிவிப்பெல்லாம் கிடையாது, அதனால் யுபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே நிற்கிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள்.

டவுன்லோட் மட்டும் நாலைந்து ஜிபிக்குக் குறையாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பித்தால் அன்றைய டேட்டா பாதியில் தீர்ந்துவிடும். 20-ஆம் தேதி தாண்டிய ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தால் ஞாயிறு முழுக்கக் கையில் இருக்கும்.

போட்டுப் பிடிக்கலைன்னா பழசுக்கே திரும்பிரலாமா?

10-க்கு மேலேயே 11 ஏற்றியிருந்தால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் ரிகவரி பகுதிக்குப் போய்த் திரும்பிவிடலாம். பத்து நாள் ஆனதும் பழைய விண்டோஸை அது தானாகவே அழித்துவிடும். அதனால் முதல் வாரத்திலேயே உங்கள் வேலை எல்லாவற்றையும் ஒரு சுற்று செய்து பாருங்கள்: ஒரு பில், ஒரு இ-வே பில், டேலியில் ஒரு பேக்கப், ஸ்கேனரில் ஒரு ஆதார், ஒரு பிரிண்ட். இடம் காணவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டிப் பழைய விண்டோஸை நீங்களே முதல் நாளில் அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

ஐநூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல விண்டோஸ் கீ கிடைக்குது. வாங்கவா?

ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் 11-க்குக் காசே வேண்டாம், கீயும் வேண்டாம். பழைய விண்டோஸ் 7 ஸ்டிக்கர் கீயை வைத்து ஏற்றுவது முன்பு நடந்தது. 2023 செப்டம்பரில் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ஐநூறு ரூபாய்க் கீ பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுத்த கீயைப் பல பேருக்கு விற்பது; இன்று ஆக்டிவேட் ஆகும், என்றைக்கு நிற்கும் என்று விற்றவனுக்கே தெரியாது. அதைவிட மோசம் "ஆக்டிவேட்டர்" ஓட்டுவது. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும். பாதுகாப்புக்காக அப்கிரேட் செய்கிறவர் இதைச் செய்வதில் அர்த்தமே இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் ஆரியங்காவு ஸ்கூல்ல படிக்கான். அங்க விண்டோஸே இல்லையாம், லினக்ஸாம். நாமளும் அதுக்குப் போயிரலாமா?

அவன் சொல்வது சரி. கேரள அரசுப் பள்ளிகளில் பல வருஷமாகவே லினக்ஸ்தான். கைட் என்ற அரசு நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தனியாகவே ஒன்று தயாரித்துக் கொடுக்கிறது. நம் பக்கமும் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் ஒரு காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறிப் பார்த்தது, மத்திய அரசின் சிடாக் நிறுவனத்தில், சென்னையில், பாஸ் லினக்ஸ் உருவானது. ஆனால் இங்கே வீட்டுக்கு வீடு அது வேரூன்றவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லிப்ரே ஆபீஸ் சகஜம், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எம்எஸ் வேர்ட் சகஜம். வித்தியாசம் பழக்கத்தில்தான்.

பிரவுசர், மெயில், பிள்ளைகள் படிப்பு, யூட்யூப், தமிழில் டைப் அடிப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் 11 ஏறாத கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் போல ஒன்று தாராளமாகப் போதும். உபுண்டு 24.04-க்கும் அதை ஒட்டி வரும் மின்ட் 22-க்கும் 2029 வரை பேட்ச் வரும். காசும் இல்லை. டேலி, பேஜ்மேக்கர், டிஎஸ்சி இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றச் சொல்ல மாட்டேன். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கும் அதில் டிரைவர் தகராறு உண்டு. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வசதி இருப்பதால், உள்ளே எதையும் மாற்றாமல் உங்கள் பிரிண்டர், வைஃபை வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.

அப்டேட்டே கம்ப்யூட்டரைக் கெடுக்குதே! 2024-ல ஏர்போர்ட்டெல்லாம் நின்னுச்சே, அப்போ யாரை நம்ப?

நியாயமான கேள்வி. 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு ஏர்போர்ட்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் அது விண்டோஸ் அப்டேட் இல்லை. பெரிய கம்பெனிகள் போட்டிருக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் அப்டேட். மண்டிக் கம்ப்யூட்டரில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

மைக்ரோசாஃப்ட் மேலும் பழி உண்டு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் 1809 வெர்ஷன் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபைல்களையே அழித்தது. சில நாளில் நிறுத்திவிட்டு நவம்பரில்தான் மறுபடி விட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: பெரிய வெர்ஷன் வந்ததும் முதல் ஆளாக ஓடாதீர்கள், இரண்டு மூன்று மாதம் போகட்டும். மாதாந்திர பேட்ச்சை ஒரு வாரம் பாஸ் (pause) செய்து வைத்துவிட்டு, கலாட்டா எதுவும் காதில் விழவில்லை என்றால் போடுங்கள். செட்டிங்ஸில் ஐந்து வாரம் வரை பாஸ் செய்யலாம். வான்னாக்ரை கதையில் பேட்ச்சுக்கும் தாக்குதலுக்கும் நடுவில் இரண்டு மாதம் இருந்தது. ஒரு வாரம் பொறுத்தவர் யாரும் அதில் மாட்டவில்லை.

கடையில நாலு கம்ப்யூட்டர். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திரவா?

கூடாது. பேங்க், ஜிஎஸ்டி, மெயில் எதில் திறக்கிறீர்களோ அதைப் பாதுகாப்பதுதான் முதல் அவசரம். ஆனால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது குறைந்த வேலை உள்ள கம்ப்யூட்டரை. அதில் ஒரு வாரம் எல்லாம் ஓடினால் பேங்க் கம்ப்யூட்டருக்குப் போங்கள். டேலி சர்வரைக் கடைசியில் வையுங்கள்.

பழைய பெட்டியை இரும்புக்கடையில போட்டுரலாமா?

டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். ஃபார்மட் செய்தாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததைத் திரும்ப எடுக்க முடியும். அதில் உங்கள் பான், ஆதார் ஸ்கேன், பிரவுசர் ஞாபகம் வைத்த பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும். கழற்றிய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு அதிலேயே பேக்கப் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் பழைய பெட்டியில் டேலி லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள், இல்லையென்றால் புதுப் பெட்டியில் ஆக்டிவேட் செய்யும்போது வேலை இழுக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிலும் அந்தக் கம்ப்யூட்டரின் பேரை நீக்கிவிடுங்கள். பெட்டி இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால் இரும்பு விலைக்குப் போட வேண்டாம். பழைய எஸ்எஸ்டி ஒன்றும் லினக்ஸும் போட்டுக் கொடுத்தால் டியூஷன் எடுக்கிற யாராவது வாங்கிக்கொள்வார்கள்.